காத்திருக்க யாரால் முடிந்தது?
பரோலோ ஒயினும் லாங்கே குன்றுகளும் குறித்து ஆற்றிய சொற்பொழிவு



இத்தாலியின் வடமேற்கு மூலையில் பியெமோந்தே என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்கே விளையும் பரோலோ என்ற சிவப்பு ஒயினைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். "அரசர்களின் ஒயின், ஒயின்களின் அரசன்" என்று அந்த நாட்டில் அதைக் கொண்டாடுவார்கள். இந்த அவையில் மதுவைத் தொடாதவர்கள்தான் மிகுதி என்று நினைக்கிறேன். அதனால் குறை ஒன்றுமில்லை. நான் சொல்ல வந்த கதையில் நாக்குக்கு உள்ள இடம் கொஞ்சம்தான். நிலத்துக்கும் கடனுக்கும் குடும்பப் பாகப்பிரிவினைக்கும்தான் அதில் பெரிய இடம்.

சட்டம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அறுவடை நடந்த ஆண்டின் நவம்பர் 1ஆம் தேதியிலிருந்து 38 மாதம் கழியாமல் எந்த ஒயினையும் பரோலோ என்று விற்கக் கூடாது. அதில் குறைந்தது 18 மாதம் அது மரப் பீப்பாய்க்குள் இருந்திருக்க வேண்டும். 'ரிசெர்வா' என்று லேபிளில் போட வேண்டுமானால் 62 மாதம். இதை ஒரு குடியானவனின் கண்ணால் பாருங்கள். அக்டோபரில் பழத்தைப் பறித்துவிட்டான். ஆள் கூலி கொடுத்தாயிற்று. பீப்பாய் வாங்கியாயிற்று. வரவு மட்டும் மூன்று வருஷத்துக்கு மேல் கழித்துத்தான். அதற்குள் இன்னும் மூன்று அறுவடை வந்து நிலவறையை நிரப்பும். அதுவரை வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே, என்ன செய்வான்? இப்படிக் காத்திருக்க யாரால் முடிந்தது, யாரால் முடியவில்லை என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே பரோலோவின் 200 ஆண்டு வரலாறும் கண்ணில் தெரிந்துவிடும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆல்ப்ஸ் மலைத்தொடர் மேற்கிலும் வடக்கிலும் வில்லாக வளைந்து நிற்கிறது. அந்த வளைவுக்குள் தானாரோ ஆறு ஓடுகிறது. ஆற்றின் வலக்கரையில் ஆல்பா என்ற சிறு நகரம். அதற்குத் தென்மேற்கே லாங்கே குன்றுகள் தொடங்குகின்றன. பரோலோ அந்தக் குன்றுகளுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரின் பெயர். அந்த ஊரையும் சேர்த்து 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்த திராட்சையில் செய்தால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். பரோலோ, லா மோரா, காஸ்தில்யோனே ஃபல்லெத்தோ, செர்ராலுங்கா தால்பா, மோன்ஃபோர்த்தே தால்பா ஆகிய ஐந்தும்தான் முக்கியமானவை. லா மோரா ஊர்த்திடல் கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் அங்கே நின்றால் மொத்த நாடும் கண்ணுக்கு அடியில் கிடக்கும். குன்றுக்கு ஒரு கோட்டை, கோட்டையைச் சுற்றி ஓட்டு வீடுகள், அதற்குக் கீழே பள்ளத்தாக்கு வரை கோடு கிழித்தது போல் கொடி வரிசைகள்.

இந்தக் குன்றுகள் எல்லாமே ஒரு காலத்தில் கடலடியாக இருந்தவை. மேற்குப் பக்கம், லா மோராவிலும் பரோலோ ஊரிலும், நீலச் சாம்பல் நிறத்தில் சுண்ணாம்பு கலந்த களிமண். கிழக்குப் பக்கம், செர்ராலுங்காவிலும் மோன்ஃபோர்த்தேயிலும், அதைவிடப் பழைய படிவு. அங்கே மணற்பாறை அடுக்குகள் ஊடே ஓடும், மண் இறுக்கம் அதிகம். மேற்குச் சரிவின் ஒயின் சீக்கிரம் மணத்தை அவிழ்த்துக் காட்டும். கிழக்குச் சரிவினது முரட்டுத்தனமாகத் தொடங்கி நெடுங்காலம் நிற்கும். உள்ளூர்க்காரர்கள் இதை விதியாகச் சொல்வார்கள். விதிவிலக்குகளும் ஏராளம். ஆனாலும் கொடிக்குக் கொடி, சரிவுக்குச் சரிவு வேறுபாடு பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இந்த மண்ணிலிருந்துதான் வந்தது. 2010இல் சட்டமே 181 இடப்பெயர்களுக்கு எல்லை வகுத்து, லேபிளில் போட்டுக்கொள்ள அனுமதித்தது.

கொடியின் பெயர் நெப்பியோலோ. பரோலோவில் வேறு எந்தத் திராட்சையையும் ஒரு துளிகூடச் சேர்க்கக் கூடாது. இந்தக் கொடி வளர்ப்பவனைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. மற்றக் கொடிகளுக்கு முன்னால் துளிர்க்கும், எல்லாவற்றுக்கும் கடைசியில் பழுக்கும். ஏப்ரல் பனியிலும் ஆலங்கட்டியிலும் சிக்கும். அக்டோபர் மழையிலும் சிக்கும். நல்ல வெயில் விழும் தெற்குப் பார்த்த சரிவைத் தவிர வேறெங்கும் முன்காலத்தில் அது ஒழுங்காகப் பழுத்ததில்லை. குளிர்காலம் முடியும்போது எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறது என்று பார்த்து, அங்கே நெப்பியோலோ நட்டார்கள். மிச்ச இடத்தில் தொல்செத்தோ, பர்பேரா என்ற வேறு இரண்டு கொடிகள். தொல்செத்தோ சீக்கிரம் பழுக்கும், அடுத்த வசந்தத்திலேயே குடிக்கலாம், விற்கலாம். குடியானவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்த ஒயின் அதுதான். பரோலோவை அவர்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் எடுத்தார்கள்.

நெப்பியோலோவின் துவர்ப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் நிறம் வெளிறித் தெரியும், அடியில் விரல் வைத்தால் விரல் தெரியும். இவ்வளவு மெல்லிய நிறமா என்று நம்பி ஒரு வாய் குடித்தால், கடுக்காயை மென்றது போல் ஈறும் நாக்கும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். புளிப்பும் அதற்கு ஈடாக இருக்கும். இந்த இரண்டும் அடங்கக் காலம் வேண்டும். பத்து வருஷம், இருபது வருஷம் ஆனபின் நிறம் செங்கல் பொடிபோல் மாறி, உலர்ந்த ரோஜா, தார், ஈர மண் என்று மணம் எழும்புகிறது. ஆகவே காத்திருப்பு என்பதை யாரோ அதிகாரி அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிவிட்ட விதி என்று நினைக்க வேண்டாம். அந்தப் பழத்தின் தோலிலேயே அது இருக்கிறது.

பழைய முறையில் இதை எப்படிச் செய்தார்கள் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நசுக்கிய பழத்தை உயரமான மரத்தொட்டியில் கொட்டுவார்கள். நொதிக்கத் தொடங்கியதும் வாயு தோல்களையெல்லாம் மேலே தள்ளிவிடும், தடித்த மூடிபோல் அவை மிதக்கும். கொதிப்பு தணிந்ததும், தொட்டியின் உள்சுற்றில் இருக்கும் மரத் தாங்கிகளில் சட்டங்களை ஒவ்வொன்றாகச் செருகி, அந்தத் தோல் மூட்டத்தைச் சாற்றுக்குள் அமுக்கிப் பூட்டிவிடுவார்கள். அப்படியே 30 நாள், 40 நாள், சில வீடுகளில் 60 நாள் வரை கிடக்கும். தோலிலுள்ள துவர்ப்பும் மணமும் மெல்ல மெல்ல இறங்கும். பிறகு சாற்றை வடித்து ஸ்லவோனிய ஓக் மரத்தில் செய்த பெரும் பீப்பாய்களுக்கு மாற்றுவார்கள். 2,000 லிட்டரிலிருந்து 10,000 லிட்டர் வரை கொள்ளும் பீப்பாய்கள் அவை. பழைய மரம் ஒயினுக்குத் தன் வாசனையைக் கொடுக்காது, கொஞ்சமாகக் காற்றை மட்டும் உள்ளே விடும். மோன்ஃபோர்த்தேயைச் சேர்ந்த ஜாகோமோ கோன்தேர்னோ நிறுவனத்தின் 'மோன்ஃபோர்த்தினோ' அப்படி ஏழு வருஷம்வரை மரத்துக்குள் இருந்தது உண்டு.

ஆனால் இதைப் பழங்காலத்துச் செய்முறை என்று எண்ணிவிட வேண்டாம். 1787இல் அப்போது பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், இத்தாலியர்கள் நெல்லை எப்படித் தீட்டுகிறார்கள் என்று பார்க்க ஆல்ப்ஸைக் கடந்து வந்தார். துரினில் ஒரு நெப்பியோலோ ஒயினைக் குடித்துவிட்டுக் குறிப்பு எழுதினார். இனிப்பும் துவர்ப்பும் மெல்லிய நுரையும் அதில் சேர்ந்திருந்தனவாம். அன்றைய நிலை அதுதான். அக்டோபர் கடைசியில் பறித்த பழம் நொதித்துக்கொண்டிருக்கும்போதே குளிர் வந்து நொதிப்பை நிறுத்திவிடும். சர்க்கரை பாதி அப்படியே தங்கிவிடும். அடுத்த கோடையில் அது மறுபடி கொதிக்கலாம், கெட்டும் போகலாம். முழுக்க நொதித்து, இனிப்பு நீங்கி, ஆண்டுக்கணக்கில் நிற்கும் பரோலோ 19ஆம் நூற்றாண்டில் உருவான பொருள்.

அதை உருவாக்கியவர்களைப் பார்த்தால் எல்லோரும் மேட்டுக்குடியினர். ஜூலியத் கோல்பேர் என்ற பிரெஞ்சுப் பெண், 14ஆம் லூயியின் அமைச்சர் கோல்பேரின் வம்சம். பரோலோவின் ஃபல்லெத்தி பிரபுக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தார். அந்தக் குடும்பத்தின் நிலங்களில் விளைந்த ஒயினுக்கு மரியாதை தேடித் தந்தவர் அவர். இந்த அம்மையாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒயினோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அது எனக்கு வருத்தம் தருகிறது. துரின் நகரின் பெண்கள் சிறைக்குள் போய், கைதிகளுக்கு எழுத்தும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்து, சிறை நிர்வாகத்தையே திருத்த வைத்தவர். ஆஸ்திரியச் சிறையிலிருந்து மீண்டு 'என் சிறைகள்' எழுதிய சில்வியோ பெல்லிக்கோவுக்கு வேலையும் தங்க இடமும் கொடுத்தவர். பிள்ளைகள் இல்லை. 1864இல் அவர் இறந்தபோது சொத்து அறக்கட்டளைக்குப் போனது. அவர் வாழ்ந்த காலத்தில் ஒரு முறை, அரசர் கார்லோ அல்பெர்த்தோ அவரிடம் "உங்கள் ஒயினை நான் ருசித்ததே இல்லையே" என்றாராம். உடனே அம்மையார் வண்டி வண்டியாகப் பீப்பாய்களை அனுப்பினாராம். தவக்காலத்தின் 40 நாளைக் கழித்து, ஆண்டின் மிச்ச நாளுக்கு ஒன்றாக 325. இது ஊர் வழக்கில் இருக்கும் கதை. ஆனால் கதையின் கணக்கைக் கவனியுங்கள். 325 பீப்பாயை இனாமாக அனுப்பக்கூடிய வீட்டில்தான் இந்த ஒயின் பிறந்தது.

இன்னொருவர் கவூர் பிரபு. பின்னாளில் இத்தாலியின் முதல் பிரதமர். 1832இலிருந்து 1849வரை பக்கத்தில் உள்ள கிரின்சானே என்ற ஊரின் மேயராக இருந்து, குடும்ப நிலத்தைப் பார்த்துக்கொண்டார். நொதிப்பை முழுமையாக முடிக்கவும் தொட்டியைச் சுத்தமாக வைக்கவும் நூல் எழுதி வழிகாட்டிய பாவோலோ பிரான்செஸ்கோ ஸ்தல்யேனோவை நிலவறைக்கு அழைத்துக்கொண்டார். லூயி ஊதார் என்ற பிரெஞ்சு வணிகர்தான் எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார் என்று நீண்ட நாள் எழுதிவந்தார்கள். பழைய ஆவணங்களைப் புரட்டிய அண்மைக்கால ஆய்வாளர்கள் அந்தப் பெருமையில் பெரும்பங்கை ஸ்தல்யேனோ பக்கம் நகர்த்தியிருக்கிறார்கள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. மூன்றாவது ஆள் மன்னர் இரண்டாம் விக்தோர் இம்மானுவேல். 1858இல் செர்ராலுங்காவில் ஃபொந்தானஃப்ரெத்தா பண்ணையை வாங்கினார். அவருடைய காதலி ரோசா வெர்செல்லானா சிப்பாய் மகள், பிற்பாடு மனைவியானார். அவர்கள் மகன் 1878இல் அங்கே ஒயின் தொழிலைத் தொடங்கினார். பிரபு வீடு, அமைச்சர் வீடு, அரச வீடு என்று எங்குமே அடுத்த மாதச் செலவு பற்றிய கவலை இல்லை. காத்திருந்தார்கள், பெயர் கிடைத்தது.

அதே குன்றுகளில் கொடியைக் கவாத்து செய்தவர்களும் பழம் பறித்தவர்களும் என்ன ஆனார்கள்? எனக்கு இந்த வரலாற்றில் மிக முக்கியமாகப் படும் பகுதி இதுதான்.

நிலத்தில் பெரும்பகுதி வாரத்துக்கு உழப்பட்டது. விளைச்சலில் பாதி நிலக்காரனுக்கு. சொந்த நிலம் வைத்திருந்தவர்களிடமும் நாலைந்து ஹெக்டேர் இருந்தால் பெரிது. அதில் கோதுமை, மாடு, கோழி, பழமரம், கொடி எல்லாம் கலந்து கிடக்கும். அறுவடை நாளில் பழத்தை மாட்டு வண்டியில் ஏற்றி ஆல்பா நகரத் திடலுக்குக் கொண்டுபோய் வரிசையில் நிற்பார்கள். ஒயின் வணிகர்களின் தரகர்கள் வருவார்கள். காலையில் ஒரு விலை கேட்பார்கள், குடியானவன் தலையாட்ட மாட்டான். தரகருக்கு அவசரமே இல்லை. வண்டியிலிருக்கும் பழத்துக்குத்தான் அவசரம். வெயில் ஏற ஏறப் பழம் கசியும், குளவி மொய்க்கும், சாறு பலகை இடுக்கில் ஒழுகும். சாயங்காலம் தரகர் திரும்பி வந்து காலையில் கேட்டதைவிடக் குறைவாகக் கேட்பார். வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனால் பழத்தை வைக்க வீட்டில் பீப்பாய் இல்லை. கொடுத்துவிட்டுப் போவான். அந்தப் பழத்தை வாங்கிய வணிகர் மூன்று நான்கு வருஷம் கழித்துத் தன் பெயரில் பரோலோவாக விற்பார்.

ஆல்பாவில் பிறந்த பெப்பே ஃபெனோல்யோ 1954இல் 'லா மலோரா' என்ற குறுநாவலை எழுதினார். லாங்கேயின் மேட்டுப் பகுதியில் ஒரு பையனைப் பெற்றவர்களே இன்னொரு வாரக்குடியானவன் வீட்டுக்கு வேலையாளாக விட்டுவிடும் கதை. பட்டினியை இவ்வளவு வறண்ட சொற்களில் சொன்ன புத்தகம் ஐரோப்பாவில் அதிகமில்லை. எழுதியவர் பிழைப்புக்குப் பார்த்த வேலை, ஆல்பாவிலுள்ள ஓர் ஒயின் நிறுவனத்தில் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்து. அதே மாவட்டத்தைச் சேர்ந்த நூத்தோ ரெவெல்லி ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு மலைமலையாக ஏறி, கிழவர்கள் சொன்னதையெல்லாம் பதிந்து 1977இல் 'தோற்றவர்களின் உலகம்' என்று வெளியிட்டார். பெண்களின் குரலை 1985இல் தனிப் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதில் ஒரு செய்தி என்னை விட்டுப் போகவே மாட்டேனென்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உள்ளூர்ப் பெண்கள் குடியானவனைக் கட்டிக்கொள்ள மறுத்து நகரத்துக்குப் போய்விட்டார்கள். துரினில் ஃபியட் கார் தொழிற்சாலை, ஆல்பாவிலேயே ஃபெர்ரேரோ மிட்டாய்த் தொழிற்சாலை, இரண்டிலும் மாதச் சம்பளம். மலையில் ஆண்கள் மட்டும் தனித்துக் கிடந்தார்கள். கல்யாணத் தரகர்கள் 1,000 கிலோமீட்டர் தெற்கே கலாப்ரியாவிலிருந்து ஏழைப் பெண்களை அழைத்துவந்தார்கள். மாமியார் பேசும் பேச்சு மருமகளுக்கு விளங்காது, மருமகள் சமைப்பது மாமியாருக்குப் பிடிக்காது. பரோலோ என்ற பெயரின் பளபளப்பை இன்று பார்க்கிறவர்களுக்கு, 60 ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் குன்றுகளுக்குப் பெண் கொடுக்க ஆளில்லாமல் இருந்தது என்பதை நம்பவே கடினமாக இருக்கும்.

மாற்றம் மெல்ல வந்தது. 1961 அறுவடையில் புருனோத்தோ, வியெத்தி என்ற இரண்டு நிறுவனங்கள் குறிப்பிட்ட சரிவின் பெயரை லேபிளில் போட்டன. பிரேசிலில் வேலை பார்த்துவிட்டு 1965இல் திரும்பிவந்த ரெனாத்தோ ராத்தி, எந்தச் சரிவு உயர்ந்தது என்று ஆராய்ந்து வரைபடமே போட்டார். 1966இல் அரசு பரோலோ என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. 1980இல் இத்தாலியின் மிக உயர்ந்த தரநிலையை முதன்முதலில் பெற்ற ஒரு சில ஒயின்களில் பரோலோவும் இருந்தது. நடுவில் 1972 வந்தது. குளிரும் மழையும் பழத்தைப் பழுக்கவே விடவில்லை. அந்த ஆண்டு விளைச்சலைப் பரோலோ என்று விற்பதில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். இருக்கிற ஒரே நல்ல பெயரைக் காப்பாற்ற ஒரு வருஷ வருமானத்தை விட்டுக்கொடுத்தார்கள். அவர்களில் பலர் பணக்காரர்கள் அல்ல.

இந்தக் காலத்தில்தான் குடியானவர்களின் பிள்ளைகள், பழத்தைத் திடலுக்குக் கொண்டுபோகாமல் தாங்களே புட்டியில் அடைக்கத் துணிந்தார்கள். அவர்களில் ஒருவர் எலியோ ஆல்தாரே, லா மோராவின் அன்னுன்சியாத்தா பகுதிக்காரர். 1976இல் நண்பர்களோடு பிரான்சின் புர்கோன் பகுதிக்குப் போனார். விடுதிக்குப் பணமில்லை, காரிலேயே படுத்துத் தூங்கினார்கள். அங்கே தங்களைப் போலவே சில ஹெக்டேர் மட்டும் வைத்திருந்த ஓர் ஒயின்காரர் விலையுயர்ந்த காரில் வந்து இறங்கினார். வார இறுதியில் தெற்கே தன் படகுக்குப் போகிறேன் என்றார். அதே அளவு நிலம், அதே மாதிரி ஒற்றைத் திராட்சை. அப்படியானால் எங்கே பிழை என்ற கேள்வியோடு ஆல்தாரே ஊர் திரும்பினார்.

திரும்பியவர் செய்த காரியங்கள் அப்பாவுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தன. கோடையில் கொடியிலிருந்த பச்சைக் குலைகளில் பாதியை வெட்டி மண்ணில் போட்டார். மிச்சக் குலை நன்றாகப் பழுக்கட்டும் என்பது அவர் கணக்கு. பட்டினி பார்த்த தலைமுறைக்கு அது பாவம். 1983இல் மரம் அறுக்கும் இயந்திர ரம்பத்தை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினார். தாத்தா காலத்துப் பெரும் பீப்பாய்களைத் துண்டு துண்டாக அறுத்துப் போட்டார். அழுக்கேறி, ஒயினைக் கெடுத்துக்கொண்டிருந்த பீப்பாய்கள் அவை என்பது அவர் வாதம். அவற்றின் இடத்தில் 225 லிட்டர் கொள்ளும் புதுப் பிரெஞ்சுப் பீப்பாய்கள் வந்தன. அப்பா மகனைச் சொத்திலிருந்து விலக்கி உயில் எழுதிவிட்டு, சமாதானம் ஆகாமலே 1985இல் இறந்துபோனார். மகன் அந்தப் பண்ணையை உடன்பிறந்தவர்களிடமிருந்து காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டே, 1986இல், பியெமோந்தேயில் நடந்த மெத்தனால் கலப்படம் உலகத்தை அதிரவைத்தது. மலிவு ஒயினில் போதை ஏற்ற நச்சுச் சாராயம் கலந்திருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பலருக்குக் கண் போனது. பரோலோவில் யாரும் கலக்கவில்லை, ஆனாலும் இத்தாலி ஒயின் என்றாலே வாங்குபவர்கள் பின்வாங்கினார்கள். தன் பெயரையும் ஊரையும் போட்டு, சுத்தமாக, குறைவாகச் செய்கிறவனுக்கு மதிப்பு கூடியது அதற்குப் பிறகுதான். ஆல்தாரே, தொமெனிக்கோ கிளேரிக்கோ, என்ரிக்கோ ஸ்காவீனோ, ரொபெர்த்தோ வோயெர்சியோ, அவர்களோடு சேர்ந்த ஒரே பெண் கியாரா பொஸ்கிஸ் ஆகியோரின் புட்டிகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறின. சுழலும் எஃகுத் தொட்டியில் நாலைந்து நாளிலேயே தோலின் நிறத்தை எடுத்துவிட்டார்கள். புது ஓக் மரத்தின் வனிலா வாசனை துவர்ப்பை மூடியது. பத்து வருஷம் காத்திருக்காமல் கடையில் வாங்கிய அன்றே குடிக்கலாம். விமர்சகர்கள் மதிப்பெண்ணை அள்ளிப் போட்டார்கள்.

எதிர்ப் பக்கத்தில் நின்றவர் பரோலோ ஊரின் பர்த்தோலோ மஸ்கரெல்லோ. 1926இல் பிறந்தவர், போர்க்காலத்தில் பாசிசத்தை எதிர்த்த கெரில்லாப் படையில் இருந்தவர். நான்கு சரிவுகளின் பழத்தைச் சேர்த்து ஒரே பரோலோ செய்வார், பெரும் பீப்பாயைத் தவிர வேறெதையும் நிலவறையில் விடமாட்டார். கடைசி ஆண்டுகளில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, புட்டிக்கான லேபிள்களைத் தன் கையாலேயே வரைந்துகொண்டிருந்தார். அவற்றில் ஒன்றில் எழுதிய வாசகம் உலகப் புகழ் பெற்றது: சின்னப் பீப்பாயும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம். நாட்டின் பெரும் பணக்காரப் பிரதமரையும் புது ஓக் மரத்தையும் அவர் ஒரே கூடையில் போட்டார். 2005இல் இறக்கும்வரை ஒரு படி இறங்கவில்லை. இப்போது மகள் அதே முறையில் செய்கிறார்.

இந்த இரு தரப்பு மோதலைப் பத்திரிகைகள் 'பரோலோ போர்' என்று எழுதின. பழமைக்கும் புதுமைக்கும் நடந்த ருசிச் சண்டை என்றார்கள். என் கருத்து வேறு. மஸ்கரெல்லோ வீட்டில் பர்த்தோலோவின் அப்பா காலத்திலிருந்தே சொந்தமாக ஒயின் செய்து விற்றுவந்தார்கள். அந்த வீட்டுக்குக் காத்திருக்கத் தெரியும், காத்திருக்கவும் முடிந்தது. ஆல்தாரே வளர்ந்த வீட்டில் பழமரமும் கொடியும் கலந்த ஒரு பண்ணை, அதிலிருந்து கைக்கும் வாய்க்கும் சரியாய்ப் போன வருமானம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையிடம் "தாத்தா செய்தபடி பத்து வருஷம் பொறு" என்று எந்த நியாயத்தில் சொல்வது? ரம்பத்தை எடுத்த கை, திடலில் வண்டியோடு சாயங்காலம்வரை நின்றவர்களின் பேரப்பிள்ளையின் கை. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஒயினைப் பொறுத்தவரை மஸ்கரெல்லோவின் பக்கம்தான் வென்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். இன்று புதுப் பீப்பாய்க்காரர்களில் பலர் பெரும் பீப்பாய்க்குத் திரும்பிவிட்டார்கள். நீண்ட நாள் தோலை ஊறப்போடும் வழக்கமும் மீண்டுவிட்டது. நிலவறைச் சுத்தமும் குலை குறைப்பதும் மட்டும் எல்லோருக்கும் பொதுவாகத் தங்கிவிட்டன. காசு வந்தபிறகு எல்லோராலும் காத்திருக்க முடிகிறது.

காசு எவ்வளவு வந்தது என்று கேட்கிறீர்களா? பெண் கொடுக்க மறுத்த அதே நிலத்தில் ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர், இன்று பத்து லட்சம் யூரோவைத் தாண்டி விலை போகிறது. கன்னூபி போன்ற பெயர்பெற்ற சரிவுகளில் இருபது லட்சத்தையும் தாண்டுகிறது. 2014இல் யுனெஸ்கோ இந்த நிலக்காட்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2016இல் வியெத்தி நிறுவனத்தை அமெரிக்காவின் அயோவா மாநிலத்துத் தொழிலதிபர் குடும்பம் ஒன்று வாங்கியது. குடும்பங்களுக்குள் வரும் நெருக்கடி வேறு மாதிரி. மூன்று பிள்ளைகளில் ஒருவர் பண்ணையில் உழைக்கிறார், மற்ற இருவர் துரினிலும் மிலானிலும் சம்பளத்தில் இருக்கிறார்கள். பெற்றவர்கள் போனபின் இருவரும் பங்கு கேட்கிறார்கள். கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் சந்தை விலைக்கு அந்தப் பங்கை வாங்க, ஒயின் விற்று வரும் பணம் எத்தனை தலைமுறைக்குப் போதும்? நிலத்தின் விலை ஏறியதாலேயே நிலத்தை விற்க வேண்டிய நிலைக்கு வந்த குடும்பங்கள் இருக்கின்றன.

வெயிலும் மாறிவிட்டது. அக்டோபர் பாதியில் தொடங்கிய அறுவடை இப்போது சில ஆண்டுகளில் செப்டம்பரிலேயே தொடங்குகிறது. முன்பு பத்து ஆண்டில் இரண்டு மூன்று நல்ல அறுவடை வரும், இப்போது பழுக்காத ஆண்டு என்பதே அரிது. அதற்குப் பதில் 2003, 2022 போன்ற வறட்சி ஆண்டுகள். பனி முதலில் உருகும் என்று தாத்தா தேடிப் பிடித்த சரிவில் இன்று பழம் வெயிலில் கருகுகிறது. ஏளனமாக ஒதுக்கிவைத்த குளிர்ந்த மூலைகளையும் மேட்டு நிலத்தையும் பேரன் விலைக்குக் கேட்கிறான்.

கவாத்தும் அறுவடையும் இன்றும் கைவேலைதான், சரிவு அவ்வளவு செங்குத்து. அந்த வேலையை இப்போது செய்பவர்கள் பெரும்பாலும் மாசிடோனியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். பலரைப் பண்ணைக்காரர் நேராக அமர்த்துவதில்லை, நடுவில் ஆள் கூட்டிவரும் கங்காணி இருக்கிறார். 2024 ஜூலையில் ஆல்பா வட்டாரத்தில் காவல்துறை மூன்று பேரைக் கைது செய்தது. குடியேறிய தொழிலாளர்களை மிரட்டியும் அடித்தும், மிகக் குறைந்த கூலிக்குக் கொடித் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள் என்பது வழக்கு. அந்த வட்டாரத்தில் பலர் வெட்கப்பட்டார்கள், சிலர் பெயர் கெடுகிறதே என்று வருந்தினார்கள். வெட்கப்பட்டவர்களோடுதான் நான் நிற்கிறேன். ஆல்பா திடலில் மாட்டு வண்டியோடு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நிலக்காரர்கள். கங்காணியைக் கேள்வி கேட்க வேண்டியவர்களும் அவர்கள்தான். தொழிலாளியை நேரடியாகப் பதிவேட்டில் எழுதி, தங்க இடம் கொடுத்து, கூலியை அவன் கையிலேயே கொடுக்கும் பண்ணைகளும் அங்கே இருக்கின்றன. அது எல்லாப் பண்ணைக்கும் வழக்கமாக வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. அந்த 2024 அறுவடையின் பரோலோ 2028 ஜனவரியில்தான் கடைக்கு வரும். அதைப் பறித்தவருக்குக் கூலி அன்று சாயங்காலமே வேண்டியிருந்தது.